கையோடு வந்த கைப்பிடி

ஹார்டுவேர் கடைக்குப் போய், "கதவுக்கு ஒரு கைப்பிடி கொடுங்கண்ணே" என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் உங்களை ஒரு பார்வை பார்ப்பார். பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளை, "சம்பளம் எவ்வளவுன்னு சட்டுனு ஞாபகம் வரலீங்க" என்று சொன்னால் பெண்ணின் தாய்மாமன் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"மரக்கதவா, யுபிவிசியா?"

"யுபிவிசி."

"தொண்ணூத்திரண்டா, எண்பத்தஞ்சா?"

இந்த இடத்தில் நம்மில் பத்துக்கு ஒன்பது பேர், "வீட்டுல கேட்டுட்டு வரேண்ணே" என்று பின்வாங்கிவிடுவோம். வீட்டில் யாரைக் கேட்பது? கதவையா? மனைவியைக் கேட்டால், "வெள்ளையா, நீளமா இருக்கும்" என்பார். அதுவும் சரியான பதில்தான். ஆனால் கடையில் தொங்குகிற நாற்பதும் வெள்ளையாக, நீளமாகத்தான் இருக்கின்றன.

புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தச் சங்கடம் மற்றவர்களை விடக் கொஞ்சம் சீக்கிரமாகவே வரும். காரணம், நாம் பெருமையோடு வெளியூர்க்காரனுக்குக் காட்டுகிற அதே கடல். ஒரு காலத்தில் ஊரெல்லாம் மரக்கதவு. ஐப்பசி மழையில் ஊதிக்கொள்ளும், சித்திரையில் விரிசல் விடும், நடுவில் கரையான் வந்து வாடகை தராமல் குடியிருக்கும். அப்புறம் யுபிவிசி வந்தது. மென்மையாக்கும் ரசாயனம் சேர்க்காத, கெட்டியான பிவிசி. (குளியலறைக்குப் போடுகிறோமே, உதைத்தால் பள்ளம் விழும் பிவிசி கதவு, அது வேறு ஜாதி. யுபிவிசிக்கு உள்ளே இரும்புச் சட்டம் உண்டு.) பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரி நிர்வாகத்தைக் கைமாற்றிவிட்டுக் கப்பல் ஏறியது 1954 நவம்பரில். ஏறக்குறைய அதே ஆண்டுகளில்தான் ஜெர்மனியில் இந்த பிளாஸ்டிக் ஜன்னல் சட்டங்கள் உருவாகிக்கொண்டிருந்தன. நம் தெருவுக்கு வந்து சேர அரை நூற்றாண்டு ஆயிற்று.

"உப்புக் காத்துல துருப் பிடிக்காது சார்" என்று சொல்லி விற்றார்கள். உண்மைதான். கதவுக்குப் பிடிக்காது. கைப்பிடிக்குப் பிடிக்காது என்று யாரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

எங்கள் முத்தியால்பேட்டை வீட்டில் கீழ் போர்ஷனில் ஓர் அக்கா இருக்கிறார். வங்கி வேலை. கூட வயதான அம்மா. ஒரு சித்திரை மத்தியானம் பாட்டி துணி எடுக்கப் பால்கனிக்குப் போயிருக்கிறார். காற்றில் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. பாட்டி வெளிப்பக்கக் கைப்பிடியைப் பிடித்து இழுக்க, அது கையோடு வந்துவிட்டது. கையில் கைப்பிடி, உள்ளே செல்போன், தலைக்கு மேலே அக்னி நட்சத்திரம். பாட்டிக்குச் சர்க்கரை வேறு. எதிர்வீட்டு மாடியில் வடகம் காயவைக்க வந்த பெண் பார்த்துக் கூச்சல் போடுகிறவரை ஒன்றரை மணி நேரம் நின்றிருக்கிறார். அக்கா ஆட்டோவில் வந்து இறங்கியபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அடுத்த நாள் வந்த மெக்கானிக் கதவை இரண்டு தட்டு தட்டிவிட்டு, "லாக்கு போச்சு மேடம், இந்த மாடல் இப்ப வர்றதில்ல. செட்டா மாத்திடலாம், 24,000 ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"என்ன தம்பி, ஒரு கைப்பிடிக்காகக் கதவையே மாத்துவாங்களா?" என்று அக்கா கேட்டார். நான் பி.காம். தச்சு வேலைக்கும் எனக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனால் 24,000 என்ற எண்ணைக் கேட்டதும் எந்த பி.காம்.காரனுக்கும் திருப்புளி எடுக்கத் தோன்றும். கழற்றிப் பார்த்தோம். பூட்டு நன்றாகத்தான் இருந்தது. இரண்டு பக்கக் கைப்பிடிகளையும் இணைத்துக் கதவுக்குள் குறுக்கே ஒரு சதுரக் கம்பி ஓடும், ஸ்பிண்டில் என்பார்கள். அதுவும் நன்றாக இருந்தது. அந்தக் கம்பி போய் உட்காருகிற கைப்பிடியின் குழிதான் வெள்ளைவெள்ளையாய்ப் பொடிந்து, நமத்துப்போன ரஸ்க் மாதிரி உதிர்ந்தது.

துத்தநாகக் கலவை. சந்தையில் கிடைக்கும் பளபள கைப்பிடிகளில் நிறைய இந்த வார்ப்புதான், மேலே குரோமியப் பூச்சு. உள்நாட்டு ஊர்களில் பல வருஷம் உழைக்கும். கடலோரத்தில் உப்பு, பூச்சில் இருக்கும் ஊசிமுனை ஓட்டை வழியாக இறங்கி உள்ளேயிருந்து தின்கிறது. மேலே கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதி காலி. காலேஜில் தேய்மானத்துக்குக் 'குறைந்துசெல் மதிப்பு முறை' என்று ஒன்று படித்தேன். எந்தச் சொத்தும் பூஜ்யத்துக்கு வராது, வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறையும் என்பார் வாத்தியார். அவர் கடலோரத்தில் குடியிருந்ததில்லை போலிருக்கிறது.

எனவே கடையில் முதலில் பார்க்க வேண்டியது உலோகம். இங்கே ஒரு வழக்கமான நம்பிக்கையை விட்டுவிட வேண்டும்: 'கையில கனமா இருந்தா நல்ல அயிட்டம்.' துத்தநாகக் கலவை அலுமினியத்தை விட இரண்டு மடங்குக்கு மேல் கனம். கையில் வைத்ததும் கனத்தைக் கண்டு நாம் அதைத்தான் வாங்குவோம். பவுடர் கோட்டிங் செய்த அலுமினியம் லேசாக, கொஞ்சம் ஏழை வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்கும். பூச்சு நன்றாயிருந்தால் நம் ஊர்க் காற்றை அது தாங்கும்.

அடுத்தது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். "எஸ்.எஸ். சார்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அதில் 202 உண்டு, 304 உண்டு, 316 உண்டு. 202 விலை குறைவு, கடல் பக்கம் சீக்கிரமே பழுப்பாகிவிடும். 304-லும் தேநீர்க் கறை மாதிரி படியும், துடைத்தால் போகும். 316-ல் மாலிப்டினம் இரண்டு மூன்று சதவீதம் சேர்ப்பதால் உப்பை எதிர்த்து நிற்கும். விலையும் நம்மை எதிர்த்து நிற்கும். சிலர் பாக்கெட்டில் காந்தத்தோடு கடைக்கு வருகிறார்கள். மூன்றுமே பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது. காந்தம் வைத்து 202-ஐயும் 316-ஐயும் பிரிக்க நினைப்பது, ஜாதகம் பார்த்துக் கடன் கொடுப்பது மாதிரி. பில்லில் கிரேடு எண்ணைப் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். போட யோசித்தாரென்றால் பதில் கிடைத்துவிட்டது.

பீச்சிலிருந்து இரண்டு மூன்று தெருவுக்குள் வீடு என்றால் 316 அல்லது நல்ல அலுமினியம். ரெட்டியார்பாளையம் பக்கம் என்றால் 304 போதும். வெளிப்பக்கத்துக்கு ஒன்று, உள்பக்கத்துக்கு மலிவாக ஒன்று என்று கலந்து வாங்க முடியாது. ஜோடியாகத்தான் விற்பார்கள்.

இனி கடைக்காரர் கேட்ட அந்த 92.

கைப்பிடி சுழலும் மையத்திலிருந்து, கீழே சாவி நுழையும் வட்டத்தின் மையம் வரை உள்ள தூரம்தான் அது. மில்லிமீட்டரில். யுபிவிசி கதவுகளில் 92 அதிகம். 85-ம் உண்டு. வித்தியாசம் 7 மில்லிமீட்டர், ஒரு பென்சில் தடிமன். அந்தப் பென்சில் தடிமனில் சாவி உள்ளே போகாது. டெய்லர் டேப்பில் அளக்காதீர்கள். ஸ்டீல் ஸ்கேல் வேண்டும், பிள்ளைகளின் ஜியாமெட்ரி பாக்ஸில் இருப்பது 15 சென்டிமீட்டர், இந்த அளவுக்கு அதுவே போதும்.

இரண்டாவது, பட்டையை இறுக்கும் மேல் ஸ்க்ரூவின் மையத்துக்கும் கீழ் ஸ்க்ரூவின் மையத்துக்கும் நடுவே உள்ள தூரம். அக்கா வீட்டுக் கதவில் 215. மூன்றாவது, ஸ்பிண்டிலின் சதுரம். பெரும்பாலும் 8 மில்லிமீட்டர். நான்காவது, கதவின் தடிமன். ஸ்க்ரூவும் ஸ்பிண்டிலும் எவ்வளவு நீளம் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. பட்டையின் நீள அகலத்தையும் குறித்துக்கொண்டால் நல்லது. புதுசு பழசை விடச் சின்னதாக இருந்தால், பழைய பட்டை இருந்த இடம் வெயில் படாத வெள்ளையாய், கடிகாரம் கழற்றின மணிக்கட்டு மாதிரி பல்லிளிக்கும். இவ்வளவையும் தனித்தனியாக எழுதுவதை விட, கைப்பிடி பக்கத்தில் ஸ்கேலை ஒட்டவைத்து செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். அதைவிட உத்தமம், கழற்றின கைப்பிடியையே மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போவது.

அளவு விஷயத்தில் எங்கள் தெருவில் ஒரு சர்வதேசப் பிரச்னையே நடந்தது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அப்படி ஒரு சொல்தா பெரியவர். தன் வீட்டுக் கைப்பிடி போனதும், "இங்க கிடைக்கிறதெல்லாம் ஒரு சாமானா தம்பி? பிரான்ஸ்ல பாக்கணும் நீ" என்று பாரிசில் இருக்கும் பேரனிடம் சொல்லிவிட்டார். பேரனும் விடுமுறைக்கு வரும்போது சாக்லெட், சென்ட்டோடு ஒரு கைப்பிடி ஜோடியும் கொண்டு வந்தான். அழகென்றால் அப்படி ஓர் அழகு. கதவில் வைத்தால் சாவித் துளை பூட்டுக்கு ரொம்ப மேலே நின்றது. பிரான்சில் அந்த மையத் தூரம் பரவலாக 70. நம்முடையது 92. அங்கே ஸ்பிண்டில் 7, இங்கே 8. 7-க்கும் 8-க்கும் நடுவே ஒரு உறை போட்டுச் சமாளிக்கலாம். 70-ஐ 92 ஆக்க எந்த உறையும் கிடையாது. மீட்டர் என்ற அளவையே உலகத்துக்குக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். இரண்டு ஊருக்கும் மில்லிமீட்டர் ஒன்றுதான், பூட்டுதான் வேறு.

பெரியவர் அதோடு விடவில்லை. "கார்ப்பென்டரை விட்டு டிரில் போட்டா போச்சு!" அந்த 'போச்சு' என்பது சரியான வார்த்தை. புதிதாகத் துளை போடுகிற இடத்தில் உள்ளே பூட்டின் பல்சக்கரப் பெட்டி இருக்கும், அல்லது இரும்புச் சட்டம் இருக்கும். முதலாவதில் பட்டால் பூட்டு காலி. இரண்டாவதில் பட்டால் மழைத் தண்ணீர் உள்ளே போக நாமே வாசல் திறந்துவிட்டோம் என்று அர்த்தம். கைப்பிடிதான் கதவுக்கு ஏற்றபடி வர வேண்டும், கதவு கைப்பிடிக்கு ஏற்றபடி வளைந்துகொடுக்காது. அதனால் கடையில் "ஓட்டை கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் சார்" என்றால், வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த கடை.

இன்னொரு சமாசாரம் இருக்கிறது. பல யுபிவிசி கதவுகளில் சாத்திய பிறகு கைப்பிடியை மேலே தூக்கினால்தான் பூட்டு முழுசாகப் பிடிக்கும். மேலே, நடுவே, கீழே என்று பல இடத்தில் கொக்கிகள் போய் மாட்டும். ஒயிட் டவுன் பழைய வீடுகளில் சில ஜன்னல்களில் நடுவே ஒரு குமிழைத் திருகினால் ஒரு நீளக் கம்பி மேலேயும் ஒன்று கீழேயும் போய்ச் சட்டத்தில் செருகிக்கொள்ளும். பிரெஞ்சில் அதற்குக் கிரெமோன் என்று பெயர். ஏறக்குறைய அதே யோசனைதான், இப்போது கதவு ஓரத்துக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள். மரக்கதவுக்கென்று செய்த கைப்பிடிகள் பல கீழே மட்டும்தான் அழுந்தும், மேலே தூக்கினால் வராது. அளவெல்லாம் பொருந்தினாலும் அது இந்தக் கதவுக்கு ஆகாது. கடையிலேயே மேலும் கீழும் ஆட்டிப் பார்த்து வாங்குங்கள்.

வாங்குவதற்கு முன்னால், நோய் கைப்பிடியில்தானா என்று தெரிந்துகொள்வது இரண்டு நிமிஷ வேலை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கைப்பிடியைத் தூக்கி இறக்குங்கள். வழுக்கிக்கொண்டு போகிறதா? இப்போது சாத்திவிட்டுச் செய்யுங்கள். சாத்தினால் மட்டும் கஷ்டப்படுகிறது என்றால் கைப்பிடி பாவம், நிரபராதி. கதவு தொங்கிப்போயிருக்கிறது, கொக்கி போய் மாட்ட வேண்டிய இடத்தில் மாட்டவில்லை. யுபிவிசி வெயிலில் இரும்பை விட ஐந்து மடங்குக்கு மேல் நீளும் சரக்கு. ஆளுயரக் கதவு உச்சி வெயிலில் இரண்டு மில்லிமீட்டர் வளர்ந்துவிடும். மார்கழியில் ஒழுங்காகப் பூட்டிய கதவு சித்திரையில் முரண்டு பிடிப்பது அதனால்தான். அப்போது நாம் என்ன செய்கிறோம்? பல்லைக் கடித்துக்கொண்டு கைப்பிடியைத் தூக்குகிறோம். ஒரு நாள் அது கையோடு வருகிறது. புதுசு வாங்கி மாட்டுகிறோம். அதுவும் வருகிறது. கீலில் ஆலன் கீ போட்டுக் கால் சுற்று திருப்பினால் தீருகிற விஷயத்துக்கு மூன்று கைப்பிடி வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

திறந்திருக்கும்போதும் கஷ்டம் என்றால், இரண்டு கைப்பிடிகளையும் கழற்றிவிட்டு ஸ்பிண்டிலை மட்டும் செருகி, பிளையரால் திருப்பிப் பாருங்கள். சுகமாகத் திரும்பினால் கைப்பிடிதான் குற்றவாளி. திரும்பவில்லை என்றால் பூட்டுப் பெட்டி. அதையும் தனியாக மாற்றலாம். எந்த நிலையிலும் முழுக் கதவை மாற்றச் சொல்கிறவரிடம், "ஏன்?" என்று ஒரு தரம் கேட்டுவிடுவது 24,000 ரூபாய்க்கு மரியாதை.

மாட்டுவது சனிக்கிழமை காபிக்கும் டிபனுக்கும் நடுவே முடிகிற வேலை. கதவு திறந்தே இருக்க வேண்டும். அடியில் ஒரு செருப்பைச் செருகிவிடுங்கள். சாத்தி வைத்துக்கொண்டு கழற்றினால், பூட்டு நகர்ந்துகொண்டால் நீங்களும் பாட்டி கட்சி. உள்பக்கப் பட்டையில் இரண்டு ஸ்க்ரூ இருக்கும். தெரியவில்லை என்றால் சின்ன மூடிக்குள் ஒளிந்திருக்கும். கழற்றும்போது வெளிப்பக்கக் கைப்பிடி 'தொப்'பென்று விழும். அந்தப் பக்கம் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். அக்னி சாட்சியாகக் கைப்பிடித்தவர் வீட்டில் இருந்தால் சௌகரியம். பேச்சிலர்கள் ரூம்மேட்டை எழுப்புங்கள்.

பெரும்பாலும் சாவி சிலிண்டரைத் தொட வேண்டியதில்லை, பட்டை அதன் மேலாகவே வந்துவிடும். உள்பக்கம் சாவிக்குப் பதில் திருகு குமிழ் இருந்தால் மட்டும், கதவின் ஓரத்தில் இருக்கும் ஒரே ஒரு நீள ஸ்க்ரூவை எடுத்துவிட்டு, சாவியைப் போட்டு லேசாகத் திருப்பிக்கொண்டே இழுத்தால் சிலிண்டர் வெளியே வரும்.

புதுசை வைத்து இரண்டு ஸ்க்ரூவையும் விரலால் திருகுங்கள். சாவி திரும்புகிறதா, கைப்பிடி தானாகப் பழைய இடத்துக்கு வருகிறதா என்று பார்த்த பிறகு திருப்புளி. மோட்டார் வைத்த டிரில் வேண்டாம். அது இறுக்குகிற இறுக்கில் பட்டை வளைந்து கைப்பிடி சிக்கும். ஸ்க்ரூ முடிவு வரை போயும் பட்டை ஆடினால் ஸ்க்ரூ நீளம் அதிகம், நுனியை அறுத்துக்கொள்ள வேண்டும். அலுமினியக் கைப்பிடியில் ஸ்டீல் ஸ்க்ரூ போடுகிறீர்கள் என்றால் மரையில் துளி கிரீஸ் தடவுங்கள். இரண்டு உலோகமும் உப்பும் சேர்ந்தால் அடுத்த தடவை கழற்ற முடியாதபடி ஒட்டிக்கொள்ளும். வெளிப்பக்கம் சிலிண்டர் பட்டையை விட்டு 3 மில்லிமீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டினால் அதைப் பிடித்து உடைப்பது திருடனுக்குச் சுலபம்.

அப்புறம் பராமரிப்பு. இதில் நம் அம்மாக்களைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். குத்துவிளக்கு தேய்க்கிற அதே புளியை எடுத்துக்கொண்டு கைப்பிடியிடம் வருவார்கள். பித்தளைக்குப் புளி சரி, பூச்சுப் போட்ட கைப்பிடிக்கு அது எமன். மாதம் ஒரு தடவை நல்ல தண்ணீரில் நனைத்த துணி, பிறகு காய்ந்த துணி. அவ்வளவுதான். 2011-ல் தானே புயல், 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் என்று கடல் வீட்டுக்குள் எட்டிப் பார்த்த ஒவ்வொரு தடவைக்குப் பிறகும் உப்பைக் கழுவிவிட்டவர்கள் வீட்டில் கைப்பிடிகள் தப்பித்தன. பூட்டுக்குள் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். மார்கழிக் குளிரில் உறையும், மற்ற மாதங்களில் தூசியைச் சேர்த்துப் பிசினாகும். சிலிக்கான் ஸ்பிரே போதும். சாவித் துளைக்குப் பென்சில் கரித்தூள்.

அக்கா வீட்டு ஜோடிக்கு 1,350 ரூபாய் ஆயிற்று, அலுமினியம். வாடகை வீடு என்பதால் இதை யார் கொடுப்பது என்று ஓனருடன் ஒரு வாரம் பேச்சுவார்த்தை நடந்து, அவர் பாதி, இவர் பாதி என்று முடிந்தது. பால்கனியில், பாட்டி கைக்கு எட்டுகிற உயரத்தில், ஆணியில் ஒரு பிளையரைத் தொங்கவிட்டிருக்கிறோம். கைப்பிடி கையோடு வந்தாலும் சதுரக் கம்பி கதவில் நீட்டிக்கொண்டுதான் இருக்கும். அதைப் பிளையரால் பிடித்துத் திருப்பினால் கதவு திறந்துவிடும். பாட்டிக்கு இரண்டு தடவை செய்து காட்டினேன். மூன்றாவது தடவை அவரே செய்து காட்டிவிட்டு, "இதை அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதாடா?" என்றார்.